துரை விட்டுப்போன ஐந்து பேண்டு செட்

யாராவது ஒரு பழைய டிரான்ஸ்சீவரின் படத்தை என் போனுக்கு அனுப்பி, "சார், இத எடுக்கலாமுங்களா?" என்று கேட்டால் நான் விலையை விசாரிப்பதில்லை. "எதுக்கு விக்கறானாம்?" என்றுதான் கேட்பேன். பெரும்பாலும் அவர்களுக்குப் பதில் தெரியாது. அதற்குப் பதிலாக ஒரு வீடியோவை அனுப்புவார்கள். அதில் செட் பளபளவென்று இருக்கும், முள் துள்ளும், அந்தப் பக்கம் யாரோ பேசுவார்கள். வீடியோவில் எல்லாச் செட்டும் நன்றாகத்தான் வேலை செய்யும். பெண் பார்க்க வந்த அன்று எல்லா மாப்பிள்ளையும் நல்லவனாக இருப்பது போலத்தான்.

எனக்கு யார்மேலும் நம்பிக்கை கிடையாது என்று என் மனைவி ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். அது முழுப் பொய்யும் இல்லை. ஆனால் இந்தப் புத்தி எனக்குப் பிறவியில் வந்தது அல்ல, சம்பளம் வாங்கிக்கொண்டு கற்றது. அந்தக் கதையைத்தான் இப்போது எழுதுகிறேன். கோயம்புத்தூர் கிளப்பில் இருக்கும் இளவட்டங்கள், "கையில காசு கம்மியா இருக்கு, பல பேண்டு செட்டு வேணும், எப்படிப் பார்த்து எடுக்கறது?" என்று ஓயாமல் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்ல எனக்குத் தொண்டை இல்லை.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. வயர்லெஸில் ஊரோடும் உலகத்தோடும் பேசுவதைப் பொழுதுபோக்காக வைத்திருப்பவர்களை அமெச்சூர்கள் என்பார்கள். பரீட்சை எழுதி அரசாங்கத்திடம் லைசென்ஸ் வாங்க வேண்டும். பேசுவதும் கேட்பதும் ஒரே பெட்டியில் இருந்தால் அது டிரான்ஸ்சீவர். நாங்கள் செட் என்போம். பக்கத்து ஊருக்கு ஒரு அலைவரிசை, கடல் தாண்டிப் பேச இன்னொன்று என்று நேரத்துக்கும் தூரத்துக்கும் தக்கபடி மாற வேண்டியிருக்கும். அந்த ஒவ்வொரு வரிசையும் ஒரு பேண்டு. ஐந்து பேண்டு செட் என்றால் அந்தக் காலத்தில் கல்யாணச் சாப்பாடு மாதிரி.

நான் மேட்டுப்பாளையத்துக்காரன். அப்பாவுக்கு மளிகைக் கடை. ஐ.டி.ஐ. முடித்து, ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் கையைச் சுட்டுக்கொண்டு, குன்னூரில் ஒரு தேயிலைக் கம்பெனியின் ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக்காகச் சேர்ந்தேன். அங்கே எனக்கு மேலே போஜன் சார் இருந்தார்.

போஜன் சார் படகர். படகர் ஊரை ஹட்டி என்பார்கள்; குன்னூருக்குப் பக்கத்து ஹட்டி ஒன்றுதான் அவர் ஊர். பட்டாளத்தில் சிக்னல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர். கோடையிலும் கழுத்தில் மப்ளர் இருக்கும். 'நல்லா இருக்கு' என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதே கிடையாது. நாம் நாள் முழுக்க ஒரு செட்டைச் சரி செய்து அவர் முன் வைப்போம். அவர் அரைமணி நேரம் அதைச் சுற்றி வந்துவிட்டு, "இன்னும் தெரியல" என்பார். அவரிடமிருந்து அதற்கு மேல் ஒரு பாராட்டு வர வேண்டும் என்றால் அது, "இப்ப தெரியுது."

பழைய செட் ஒன்று ஒர்க்‌ஷாப்புக்குள் வந்தால் அவர் ஸ்விட்சில் கை வைக்க மாட்டார், வைக்கவும் விட மாட்டார். முதலில் மூக்கை வைத்து முகர்வார். கருகிய டிரான்ஸ்பார்மர் வாசனை எத்தனை வருஷமானாலும் போகாது. அடுத்தது திருகாணி. டார்ச் அடித்து ஒவ்வொரு திருகாணியின் தலையையும் பார்ப்பார். தலை தேய்ந்திருந்தால் உள்ளே பலபேர் போய் வந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பிறகு ஸ்பிரிட் விளக்கை ஏற்றி, மூடியின் திருகாணிகள்மேல் சிவப்பு அரக்கை உருக்கி ஒவ்வொரு சொட்டு விடுவார். இனி அவர் சொல்லாமல் யாரும் திறக்க முடியாது, திறந்தால் தெரிந்துவிடும். அதற்கப்புறம்தான் கரண்ட்.

ஏரியலில் மாட்டமாட்டார். ஏரியலுக்குப் பதில் ஒரு பெரிய பல்பை மாட்டுவார். செட் எவ்வளவு பலத்தோடு அனுப்புகிறதோ அவ்வளவு வெளிச்சமாக அந்தப் பல்பு எரியும். ஒவ்வொரு பேண்டாக மாற்றிப் பார்ப்பார். ஆரம்பத்தில் வெள்ளையாக எரிந்து, சூடு ஏற ஏற மஞ்சளாகிப் போகும் செட்டுகளை அந்தப் பல்பு காட்டிக் கொடுத்துவிடும்.

"காசு கம்மியா இருக்கறவன் பேண்டை எண்ணக் கூடாது பழனி" என்பார். "வால்வு போச்சுன்னா எங்க கிடைக்கும்னு கேக்கணும். கிடைக்கலைன்னா அஞ்சு பேண்டும் ஒண்ணுதான், எல்லாத்துலயும் சத்தமே வராது." வால்வு என்பது பழைய செட்டுகளுக்குப் பலம் கொடுத்த, பல்பு மாதிரியான கண்ணாடிக் குழல்; ஓட ஓடத் தேய்ந்துபோகும்.

எங்கள் கிளப்புக்குச் செட் தேடிய கதை இப்படித்தான் ஆரம்பித்தது. போஜன் சார், நான், தோட்டத்து டாக்டர் என ஏழெட்டுப் பேர் லைசென்ஸ் வைத்திருந்தோம். ஆடி மழையில் கூடலூர்ப் பக்கம் டெலிபோன் கம்பிகள் அறுந்து விழுந்தால் அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரிகளுக்கும் எங்களுக்கும் நடுவே பேச்சே இருக்காது. அந்த மாதிரி சமயத்துக்கும் உதவும் என்று ஒரு பல பேண்டு செட் வாங்கத் தீர்மானித்தோம். கையில் இருந்த பணத்துக்கு வெளிநாட்டுப் புதுசு கனவிலும் முடியாது. மெட்ராஸில் யுத்தம் முடிந்து பட்டாளம் கழித்து விற்ற டிஸ்போசல் செட் ஒன்று இருந்தது. ஆட்டுக்கல் கனம், பேண்டு இரண்டுதான். நாங்களே கட்டலாம் என்றால் மழைக்குள் முடியாது. அப்போதுதான் கூடலூர்ப் பக்கம் ஒரு தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஊரைக் காலி பண்ணிக்கொண்டு சீமைக்குப் போகிறார், அவரிடம் ஐந்து பேண்டு செட் இருக்கிறது என்று தகவல் வந்தது.

துரைமார்கள் போகும்போது பங்களாச் சாமான்களை ஏலம் விடுவது அந்தக் காலத்து வழக்கம். நீலகிரியில் பாதி வீடுகளில் இருக்கும் தேக்கு மேசையும் பீங்கான் தட்டும் அப்படி வந்தவைதான். கோவையிலிருந்து ஒரு ஏஜென்ட் வந்து எல்லாவற்றுக்கும் நம்பர் ஒட்டிக்கொண்டிருந்தார். லைசென்ஸ் இல்லாதவனுக்கு செட்டை விற்கக்கூடாது என்பதால் அதை மட்டும் எங்களுக்கு ஒதுக்கி வைத்தார். எடுத்துப்போய்ச் சோதித்துப் பார்க்கலாம், பிடித்தால் பணம், பிடிக்காவிட்டால் கொண்டுபோனபடியே திருப்பித் தர வேண்டும் என்பது பேச்சு.

ஞாயிற்றுக்கிழமை நானும் சுப்பையாவும் ஜீப்பில் போனோம். சுப்பையா சிலோனில் பண்டாரவளைப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் எலக்ட்ரீஷியனாக இருந்தவன். இரண்டு நாட்டு அரசாங்கங்களும் போட்ட ஒப்பந்தப்படி கப்பலேறி, மண்டபம் முகாம் வழியாக மலைக்கு வந்து சேர்ந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களில் அவன் குடும்பமும் ஒன்று. எங்கள் ஒர்க்‌ஷாப்பில் தற்காலிக ஹெல்பர். அடுத்த மாதம் நிரந்தரம் ஆக வேண்டியது. கம்பெனி ஆட்களுக்கென்று வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் அவன் குடியிருந்ததும் வேலையோடு சேர்ந்தது. வேலை போனால் வீடும் போகும்.

துரையே உட்கார்ந்து செட்டை ஓட்டிக் காட்டினார். நான் பல்பை மாட்டினேன். ஐந்து பேண்டிலும் வெள்ளை வெளேர் என்று எரிந்தது, கண் கூசியது. பிறகு ஏரியலை மாட்டி ஆஸ்திரேலியாக்காரன் ஒருவனைக் கூப்பிட்டுப் பேசினார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அது வந்த உடனே, 'இவ்வளவு நல்ல செட்டை ஏன் கப்பலில் கொண்டுபோகவில்லை?' என்ற சந்தேகமும் வந்துவிட்டது. கேட்டேன். கனம், பெண்டாட்டி வேண்டாம் என்கிறாள் என்றார். மறுநாளே அவர் கிளம்பியும் போய்விட்டார்.

வரும் வழியெல்லாம் சாரல். நான் முன்னால் டிரைவர் பக்கத்தில், சுப்பையா பின்னால் செட்டை மடியில் வைத்துக்கொண்டு. பைக்காராவில் நானும் டிரைவரும் டீ குடிக்க இறங்கினோம். சுப்பையா இறங்கவில்லை. செட்டுக்கு மழை படும் என்றான். குன்னூர் வந்ததும் போஜன் சார் முகர்ந்து, திருகாணி பார்த்து, அரக்குச் சொட்டு வைத்துப் பூட்டினார்.

திங்கட்கிழமை காலை கரண்ட் கொடுத்தோம். பல்பு அகல் விளக்கு மாதிரி எரிந்தது. அடுத்த பேண்டு, அதற்கடுத்த பேண்டு, எல்லாம் அழுது வடிந்தது. அரக்கு உடையவில்லை. உடைத்துத் திறந்து பார்த்தால், கடைசியில் பலத்தைக் கொடுக்கிற இரண்டு வால்வுகளும் கிழடு தட்டிப் போயிருந்தன. டெஸ்டரில் போட்டதும் முள் எழுந்திருக்கவே சோம்பல்பட்டது.

ஸ்டோர் ஆபீசர் கோபிநாத் விஷயத்தைக் கேட்டதும் கணக்குப் போட்டுவிட்டார். செட் கிளப்புக்கு என்றாலும், ஒர்க்‌ஷாப்புக்குள் வரும் சாமான்களுக்கெல்லாம் அவர்தான் பொறுப்பு. ஒரு ஸ்பேனர் காணாமல் போனாலும் தூங்காத மனிதர்.

"ஏனுங்க பழனிச்சாமி, நேத்து நல்லா எரிஞ்சுதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

"ஆமாங்க."

"இங்க வந்தப்புறம் யாரும் தொறக்கலை, அரக்கு இருக்குது. அப்ப வழியிலதானுங்களே மாத்தியிருக்கணும். வழியில செட்டு யாரு மடியில இருந்துச்சு?"

 அதை நான் சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை. பைக்காரா டீயை டிரைவர் ஏற்கனவே சொல்லிவிட்டிருந்தான். நல்ல வால்வுகளைக் கழற்றிக்கொண்டு பழசைச் சொருகிவிட்டான், சிலோன்காரனுக்கு இந்த வேலையெல்லாம் அத்துப்படி என்று மத்தியானத்துக்குள் பேச்சு ஃபேக்டரி வரைக்கும் போய்விட்டது. டெலிபோனில் ஏஜென்ட், "நாங்க குடுக்கறப்ப நல்லா இருந்துதுங்க. முழுப் பணத்தைக் கட்டிப்போடுங்க" என்று முடித்துக்கொண்டார். எங்கள் பணமும் போய், செட்டும் செத்துப்போன நிலைமை.

நான் யாரைச் சந்தேகப்பட்டேன் என்றால், எல்லாரையும். சுப்பையாவை, டிரைவரை, ஏஜென்டை, சீமைக்குப் போன துரையை, துரையின் பெண்டாட்டியைக்கூட. சந்தேகத்தில் நான் பாரபட்சம் பார்ப்பதில்லை. ஆனால் கோபிநாத்துக்கு ஒரே ஆள் போதுமாயிருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை மஸ்டர் நேரம். வேலைக்குப் போகும் முன் ஆட்களைக் கூட்டிப் பெயர் கூப்பிடுவதை நாங்கள் மஸ்டர் என்போம், சிலோனிலிருந்து வந்தவர்கள் பெரட்டு என்பார்கள். அந்த மைதானத்தை ஒட்டித்தான் லைன் வீடுகள். கோபிநாத் இரண்டு வாட்ச்மேன்களைக் கூட்டிக்கொண்டு சுப்பையா வீட்டுக்குள் போனார். அவர்கள் கப்பலில் கொண்டுவந்த பெரிய தகர டிரங்கை வெளியே தூக்கி வரச் சொல்லி, கூடைகளோடு நின்ற அத்தனை ஜனங்கள் பார்க்கத் திறந்தார். புடவைகள், குழந்தைகளின் கம்பளிச் சட்டை, பிள்ளையார் படம், ஒரு பித்தளைக் குடம், அடியில் துணி சுற்றிய ரேடியோ. அந்த ரேடியோவின் முதுகையும் கழற்றச் சொன்னார். உள்ளே இருக்கும் வால்வுகள் எங்களுடையதா என்று பார்க்க என்னைக் கூப்பிட்டார்.

"இதெல்லாம் ரேடியோவோட வால்வுதானுங்க. சின்னது. நம்முளுது இதுல பொருந்தவே பொருந்தாது" என்றேன்.

"அப்ப வித்துப்போட்டான். மேனேஜர் திங்கக்கிழமை வர்றார். அவர்கிட்டச் சொல்லி போலீசுக்குப் போகலாம். அதுவரைக்கும் இவன் வேலைக்கு வர வேண்டாம்."

சுப்பையா கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "ஐயா, நான் பைக்காராவுல எறங்கவே இல்ல. தண்ணி படக்கூடாதுன்னு செட்டு மேல குனிஞ்சு கெடந்தேன். அதுக்கு மேல எனக்குச் சொல்ல ஏலாது" என்றான். யாரும் அவனைப் பார்க்கவில்லை. அவன் பெண்டாட்டி பார்வதி கீழே கிடந்த துணிகளை ஒவ்வொன்றாக மடித்து டிரங்குக்குள் வைத்து மூடினாள். வாட்ச்மேன் ஒருவன் இரக்கப்பட்டு அதை உள்ளே தூக்கி வைக்கக் குனிந்தான்.

"தொடாதீங்க" என்றாள். "மண்டபத்துல ஒருக்காத் தொறந்தாங்க. அது சர்க்காரு, எல்லாப் பொட்டியையும் தொறந்தாங்க. இங்க எங்க பொட்டிய மட்டும் தொறந்தீங்க. கள்ளன் பொட்டின்னு பெரட்டுக்களத்துல காட்டினது நீங்க. கள்ளன் பொட்டி இல்லன்னு இதே எடத்துல சொல்லிட்டு, வெளிய எடுக்கச் சொன்னவரே உள்ளுக்கு வைக்கட்டும்."

"கெடக்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் கோபிநாத் போய்விட்டார். டிரங்கு வாசலிலேயே கிடந்தது. மேலே கோணியைப் போட்டு மூடினார்கள். சாரல் விடவில்லை. ஒவ்வொரு காலையும் மஸ்டருக்கு வருகிறவர்கள் அதைத் தாண்டித்தான் போனார்கள். எனக்கு அந்தப் பக்கம் போகவே உடம்பு கூசியது.

போஜன் சார் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். பட்டாளத்து விசாரணை மாதிரி இருந்தது.

"ஞாயித்துக்கிழமை என்ன பார்த்த?"

"பல்பு நல்லா எரிஞ்சுது சார்."

"நல்லான்னா? மஞ்சளாவா, வெள்ளையாவா?"

"வெள்ளை வெளேர்னு. கண்ணு கூசுச்சு."

"இங்க நல்ல வால்வு போட்டு எத்தனை செட்டு பார்த்திருக்க. எதுலயாவது கண்ணு கூசுச்சா?"

யோசித்தேன். கூசியதில்லை.

"இன்னும் தெரியல" என்றார். "நீ வால்வு நல்லா இருந்துச்சுன்னு பார்க்கல. பல்பு எரிஞ்சுதுன்னுதான் பார்த்த. ரெண்டும் வேற. செட்டை எடு. அதே எடத்துல, அதே பிளக்குல மாட்டிப் பார்க்கணும்."

புதன்கிழமை அந்தக் கிழட்டு வால்வுகளோடேயே செட்டைத் தூக்கிக்கொண்டு கூடலூர்ப் பக்கம் போனோம். அதே மேசை, அதே பிளக். பல்பு அழுது வடிந்தது. ஒர்க்‌ஷாப்பில் எப்படியோ அப்படியே. ஏஜென்ட் சிரித்தார். "நான்தான் சொன்னனுங்களே. வால்வை மாத்திப்போட்டு எங்க கொண்டாந்து மாட்டினாலும் இப்படித்தானுங்க எரியும்."

 சுப்பையாவைக் காப்பாற்றப் போய், அவன் கழுத்தில் கயிற்றை இறுக்கிவிட்டு வந்த மாதிரி ஆகிவிட்டது. சாமான்களைக் கட்டிக்கொண்டிருக்கும்போது உள்ளே ஏஜென்டுக்கும் பங்களாவின் சமையல்காரருக்கும் வாக்குவாதம். துரை வாங்கி வைத்த பல்புகள் கணக்கில் குறைகின்றன, சமையல்காரர்தான் விற்றுவிட்டார் என்பது ஏஜென்டின் கட்சி. சமையல்காரர் பாதி மலையாளம் பேசும் வயதான மனிதர். 

"நான் எடுத்துக் குடிச்சேனா சாரே? ஞாயிறாழ்ச்ச ஆனா இவிட பல்பு பொட்டும். எல்லா ஞாயிறாழ்ச்சயும் பொட்டும். துரை இருந்தா அவருகிட்டக் கேளு."

போஜன் சார் கட்டிக்கொண்டிருந்த கயிற்றை விட்டார்.

"மத்த நாள்ல வெடிக்காதா?"

"மத்த நாள் மினுக் மினுக்குன்னு எரியும். பொட்டாது."

"ஞாயித்துக்கிழமை என்ன விசேஷம்?"

"என்ன விசேஷம்? ஃபேக்டரி லீவு."

போஜன் சார் நேரே பங்களாவின் பின்கட்டுக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். மீட்டர் பலகைக்குப் பக்கத்தில், துடைப்பங்களுக்குப் பின்னால், உறுமிக்கொண்டு ஒரு இரும்புப் பெட்டி இருந்தது. கரண்ட் அழுத்தத்தை ஏற்றிக் கொடுக்கும் பூஸ்டர். பங்களாவுக்கும் ஃபேக்டரிக்கும் ஒரே லைன். கொழுந்து வரத்து இருக்கும் நாட்களில் ஃபேக்டரி மெஷின்கள் கரண்டை உறிஞ்சிக்கொள்ளும், பங்களாவில் விளக்கு மங்கிப் போகும். அதற்காகத் துரை பூஸ்டரைப் போட்டு நிரந்தரமாக ஏற்றி வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஃபேக்டரி ஓடாது. லைனில் கரண்ட் முழுசாக வரும், பூஸ்டர் அதற்கு மேலும் ஏற்றும். பல்பு பொட்டாமல் என்ன செய்யும்? துரை செட்டில் உட்கார்ந்து உலகத்தோடு பேசியதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில்தான். வால்வுகள் கிழடு தட்டியதும் அதனால்தான், கிழட்டு வால்வுகள் அன்று குமரி மாதிரி ஆடியதும் அதனால்தான்.

எனக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது. "சார், கண்டுபிடிச்சாச்சு" என்றேன்.

"இன்னும் தெரியல" என்றார். "ஞாயித்துக்கிழமை வரட்டும். யாருகிட்டயும் வாய் விடாத."

அந்த நாட்களை எப்படி ஓட்டினேன் என்று எனக்குத்தான் தெரியும். நாங்கள் நினைத்தது தப்பாக இருந்தால்? மறுநாள் மேனேஜர், அப்புறம் போலீஸ், அப்புறம் லைன் வீடு காலி. சுப்பையாவின் பெயரோடு கள்ளன் என்பது ஒட்டிக்கொண்டால், மலையில் வேறெந்தத் தோட்டமும் அவனைச் சேர்க்காது. திரும்பிப் போக அவனுக்குச் சிலோனும் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை போஜன் சார் கோபிநாத்தையும் ஜீப்பில் ஏற்றினார். "செட்டை நீங்களே மடியில வச்சுக்குங்க சார்" என்றார். அவர் முன்னிலையிலேயே அரக்கு வைத்திருந்தார். "இதெல்லாம் என்னத்துக்குங்க?" என்று கோபிநாத் சலித்துக்கொண்டார். பைக்காராவில் யாரும் இறங்கவில்லை. அவருக்கு டீ வேண்டியிருந்தது, போஜன் சார் காது கேட்காதவர் மாதிரி இருந்துவிட்டார்.

பங்களாவில் கோபிநாத்தின் கையாலேயே அரக்கைச் சரிபார்க்க வைத்துவிட்டு, பிளக் பக்கத்தில் மீட்டரை மாட்டினார் போஜன் சார். முள் நான் பார்த்தே இராத உயரத்துக்குப் போய் நின்றது. செட்டை ஓட்டினேன். பல்பு வெள்ளை வெளேர் என்று எரிந்தது. கோபிநாத்தும், பக்கத்தில் நின்ற ஏஜென்டும் கையால் கண்ணை மறைத்துக்கொண்டார்கள்.

"பூஸ்டரை நிறுத்து பழனி."

நிறுத்தினேன். பல்பு மங்கியது. போடச் சொன்னார், கண் கூசியது. நிறுத்து, போடு, நிறுத்து, போடு என்று என்னை ஓட வைத்தார். பின்கட்டுக்கும் ஹாலுக்கும் ஓடி ஓடி எனக்கு மூச்சு வாங்கியது. அவருக்கு அவசரமே இல்லை. கடைசியில் மப்ளரை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டு, "இப்ப தெரியுது" என்றார்.

செட்டை வாங்கினோமா என்று கேட்பீர்கள். வாங்கினோம், பாதி விலைக்கும் கீழே. வால்வு முன்பே செத்தது என்று நேரில் பார்த்த ஏஜென்டே ஒப்புக்கொண்டபின் அவருக்கும் வேறு வழியில்லை. மற்ற எல்லாம் சரியாக இருக்கிறது, எது கெட்டிருக்கிறது, ஏன் கெட்டது என்று எங்களுக்குத் தெரியும். அப்படித் தெரிந்த ஒரு பழைய செட்டை நான் அதற்கப்புறம் பார்த்ததில்லை. அந்த வால்வு இந்தியாவில் கிடைக்காது. சினிமாக் கொட்டகை ஆம்ப்ளிஃபயரில் போடும் வால்வு கோவையில் கிடைத்தது. போஜன் சார் சாக்கெட்டை மாற்றி அதைப் பொருத்தினார். மேல் பேண்டு இரண்டும் கொஞ்சம் இளைப்பு, மற்ற மூன்றும் கணீர் என்று பேசின. காசு இல்லாதவனுக்கு அது போதும். இளவட்டங்கள் கேட்ட கேள்விக்கு என் பதிலும் அதுதான்: செட் நன்றாக வேலை செய்ததைப் பார்த்தேன் என்று என்னிடம் சொல்லாதீர்கள். எந்தக் கரண்டில், எந்த ஏரியலில், யார் வீட்டில், எந்தக் கிழமையில் பார்த்தீர்கள் என்று சொல்லுங்கள்.

 திரும்பும் வழியில் ஊட்டி தாண்டியதும் கோபிநாத், "சரிங்க, நாளைக்கு அவனை வேலைக்கு வரச் சொல்லிப்போடுங்க" என்றார்.

"டிரங்கு?" என்றார் போஜன் சார்.

"அது அவங்க டிரங்கு. அவங்களே எடுத்து உள்ள வச்சுக்கட்டுமுங்க."



திங்கட்கிழமை மஸ்டருக்குக் கோபிநாத்தும் வந்திருந்தார். போஜன் சார் பெரிய பேச்சாளர் இல்லை. கூடைகளோடு நின்ற ஜனங்களுக்கு முன்னால் போய், ஒர்க்‌ஷாப்பில் ரிப்போர்ட் சொல்வது மாதிரியே சொன்னார். "செட்டுல வால்வை யாரும் மாத்தல. அது பழைய வால்வு. துரை பங்களாவுல கரண்டு கூடுதலா வந்ததால நல்லது மாதிரி எரிஞ்சுது. நாங்க மூணு பேரும் நேத்துக் கண்ணால பார்த்தோம். சுப்பையா எதையும் எடுக்கல." அவ்வளவுதான்.  கூட்டத்தில் ஒரு கிழவர் துண்டைத் தோளிலிருந்து எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

சுப்பையா தலையை நிமிர்த்தினான். பார்வதி வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். அவள் கண் போஜன் சார்மேல் இல்லை.

போஜன் சார் டிரங்கின் மேலிருந்த ஈரக் கோணியை எடுத்துப் போட்டுவிட்டு, ஒரு பக்கத்துக் கைப்பிடியைப் பிடித்துக் குனிந்தார். குனிந்தபடியே நின்றார். நான் மறுபக்கம் போக ஓரடி வைத்தேன். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. எனக்கு அப்போதுதான் புரிந்தது. வாட்ச்மேன்களும் அசையவில்லை. மஸ்டர் மேஸ்திரி பெயர் கூப்பிடவில்லை. வேலைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது, ஒரு ஜனமும் நகரவில்லை.

கோபிநாத் எல்லாரையும் ஒருமுறை பார்த்தார். பிறகு தன் கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, வந்து மறுபக்கத்துக் கைப்பிடியைப் பிடித்தார். கனம் அதிகம். அவருக்குப் பழக்கமில்லாத வேலை, முகம் சிவந்துவிட்டது. வாசற்படி குறுகல். இரண்டு பேரும் பக்கவாட்டில் திரும்பி, டிரங்கைச் சாய்க்காமல் உள்ளே நுழைந்தார்கள்.

பார்வதி சுவரோடு ஒதுங்கி வழி விட்டாள்.

"மெதுவா வைங்க ஐயா" என்றாள் கோபிநாத்திடம். "அடியில ரேடியோ இருக்கு."